மரத்தாடியார் சொல்லாத பெயர்: வாசகர் கேள்வி-பதில்

முன்னொரு இதழில், ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதிய 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் வரும் ட்ரீபியர்ட் என்னும் பாத்திரத்தைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்த பிறகு, இந்த முறை பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்குவது என்று முடிவு செய்தேன். நாவலைப் படிக்காதவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு: மிடில் எர்த் என்னும் கற்பனை உலகில், மரங்களை மேய்ப்பவர்களாக வாழும் எண்ட் என்ற இனத்தின் மூத்தவர் இவர், பார்வைக்குப் பாதி மரமாகவும் பாதி மனிதராகவும் தோன்றுபவர். ட்ரீபியர்ட் என்றால் மரத்தாடி என்று பொருள். அவருடைய வயதுக்குரிய மரியாதையோடு இங்கே அவரை மரத்தாடியார் என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: கதையில் வரும் மற்ற யாரையும்விட மரத்தாடியார் தம்மைப் பற்றி விரிவாகப் பேசுகிறார். தம் இனம், தம் காடு, தம் மனைவி, தம் கவலை என்று எதையும் மறைப்பதில்லை. அப்படியிருந்தும் புத்தகத்தை மூடிய பிறகு அவரைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரியாதது போலத் தோன்றுகிறதே, ஏன்?

பதில்: புதிரான பாத்திரம் என்றால் முகத்தை மூடிக்கொண்டு இருட்டு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்ல வேண்டும் என்று நாம் பழகிவிட்டோம். மரத்தாடியார் பகல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, முன்பின் அறியாத, ஹாபிட் என்னும் குள்ள இனத்து இளைஞர்களான மெர்ரி, பிப்பின் இருவரிடம் நாள் முழுவதும் பேசுகிறார். அவர் எதையும் ஒளிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர் சொல்வதை வாங்கிக்கொள்ளும் அளவுக்கு நம்மிடம் காலம் இல்லை. புதிர் அங்கேதான் இருக்கிறது.

அவருடைய பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மெர்ரியும் பிப்பினும் தங்கள் பெயரைச் சட்டென்று சொல்லிவிடும்போது, இப்படி யாரிடமும் உடனே பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்று அவர் கண்டிக்கிறார். தம் உண்மைப் பெயரை அவர் சொல்லவே இல்லை. காரணம் ரகசியம் அன்று. எண்ட்டுகளின் மொழியில் ஒன்றின் பெயர் என்பது அதற்கு நேர்ந்த அனைத்தையும் சொல்லும் கதை. அது வாழ்கிற வரைக்கும் பெயரும் வளர்ந்துகொண்டே போகும். நெடுங்காலம் வாழ்ந்துவிட்ட அவருடைய பெயரைச் சொல்லி முடிக்க எத்தனை நாள் ஆகும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ட்ரீபியர்ட் என்பதும், அதே பொருளில் எல்ஃப் இனத்தார் அழைக்கும் ஃபேங்கார்ன் என்பதும் அவசரக்காரர்களின் வசதிக்காக வைத்த பெயர்கள். அவர்கள் நின்றுகொண்டிருக்கும் இடத்துக்குக் 'குன்று' என்று ஹாபிட்டுகள் பெயர் சொல்லும்போது, உலகின் இந்தப் பகுதி உருவான நாளிலிருந்து இங்கேயே நிற்கும் ஒன்றுக்கு இது மிகவும் அவசரமான சொல் அல்லவா என்று அவர் யோசிக்கிறார். படிக்கும்போது சிரிப்பு வருகிறது. சற்றுப் பொறுத்து, தலை சுற்றுகிறது. பதறாத காரியம் சிதறாது என்று நாம் பழமொழியாகச் சொல்வதை ஓர் இனம் இலக்கணமாகவே வைத்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதை அந்த ஒரு சொல்லில் டோல்கீன் காட்டிவிடுகிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உலகில் உள்ள உயிர்களை எல்லாம் வகைப்படுத்தும் பழைய பாட்டு ஒன்று அவருக்கு மனப்பாடம். அந்தப் பட்டியலில் ஹாபிட் என்ற இனம் இல்லை. தமக்குத் தெரிந்த பட்டியலில் இல்லாத உயிர் எதிரே வந்து நின்றால் பெரும்பாலான முதியவர்கள் என்ன செய்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இவர் பட்டியலைத் திருத்துகிறார். பின்னால் அதில் ஹாபிட்டுகளுக்கென்று ஒரு வரி சேர்ந்துவிடுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராகவும் மக்களை ஆறறிவுயிராகவும் வகுத்திருப்பதைப் படித்து வளர்ந்த நமக்கு, அந்த முதற்படியையும் கடைசிப் படியையும் ஒரே உடலில் சேர்த்து நிறுத்திய இந்த உருவம், நம்முடைய பட்டியலிலும் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது போலத்தான் இருக்கிறது.

யார் பக்கம் நிற்கிறீர்கள் என்ற கேள்விக்கு அவர் தரும் பதிலிலும் இதே தன்மை உண்டு. தம்முடைய பக்கம் முழுமையாக யாரும் இல்லை, காடுகளைத் தாம் நேசிப்பது போல வேறு யாரும் நேசிப்பதில்லை, ஆகவே தாமும் முழுமையாக யார் பக்கமும் இல்லை என்கிறார். ஆனால் எந்தப் பக்கம் ஒருபோதும் நிற்க மாட்டார் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை: ஓர்க் என்னும் கொடிய இனமும் அதன் எசமானர்களும் இருக்கும் பக்கம் அது. நல்லவரா கெட்டவரா என்று அளக்க நாம் கொண்டுபோகும் கோல் அவரிடம் செல்லுபடியாகவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: அவருடைய தோற்றம் நூலில் எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது?

பதில்: உயரம் குறைந்தது 14 அடி, உயர்ந்த தலை, கழுத்தென்று ஒன்று இல்லை என்றே சொல்லலாம், காலுக்கு 7 விரல்கள், பாசிபோலவும் குச்சிபோலவும் அடர்ந்த தாடி. உடுத்தியிருப்பது பச்சையும் சாம்பலும் கலந்த பட்டை போன்ற ஏதோ ஒன்றா, அல்லது அவருடைய தோலேதானா என்பதைக்கூட நூல் தீர்த்துச் சொல்வதில்லை. கண்கள் மட்டும் தனி: பழுப்பு நிறம், அதில் பச்சை ஒளி. அந்தக் கண்களுக்குப் பின்னால், யுகங்களின் நினைவு நிரம்பிய ஒரு பெருங்கிணறு இருந்தது போலத் தோன்றியதாகப் பிப்பின் பிற்காலத்தில் நினைவுகூர்வான்.

கேள்வி: 2002இல் வந்த திரைப்படத்தில், போருக்கு வர மறுத்த மரத்தாடியாரைப் பிப்பின் தந்திரமாக வேறு வழியில் அழைத்துச் சென்று, மந்திரவாதி சாருமான் வெட்டிய மரங்களைப் பார்க்க வைக்கிறான். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கோபம் வருகிறது. நூலிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை, இந்த ஒரு மாற்றத்தை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. படத்துக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது என்பது புரிகிறது, சின்னஞ்சிறு ஹாபிட்டுக்கும் ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது என்பதும் புரிகிறது. ஆனால் தம் காட்டின் ஓரத்தில் மரங்கள் வெட்டப்படுவதை அறியாத மரமேய்ப்பர் என்றால், அவர் மரத்தாடியார் அல்லர்.

நூலில் அவருக்கு எல்லாம் தெரியும். விதையாகவும் கொட்டையாகவும் இருந்த காலத்திலிருந்தே தாம் அறிந்த மரங்கள் பல இப்போது இல்லை என்று அவரே ஹாபிட்டுகளிடம் சொல்கிறார். சொல்லிக்கொண்டு போகும்போதே கோபம் மூள்கிறது, தாம் இத்தனை நாள் வாளாவிருந்துவிட்டதையும் ஒப்புக்கொள்கிறார். பிறகு எண்ட்டுகளின் சபை கூடுகிறது. அது 3 நாள் நீள்கிறது. அவர்களுடைய மொழியில் நடந்ததைச் சொல்லி முடிக்கவே முதல் பொழுது போய்விடும் என்பதால், 3 நாளில் முடிவெடுத்ததே அவர்கள் கணக்கில் பெரும் அவசரம் என்று கொள்ள வேண்டும். அந்தச் சபையில் விரைவாக மனத்தைத் தீர்மானித்துக்கொண்ட ஓர் எண்ட்டும் உண்டு. மூத்த எண்ட் ஒருவர் கேள்வியைக் கேட்டு முடிப்பதற்கு முன்பே ஆம் என்று சொல்லிவிட்ட ஒரே காரணத்துக்காக அவருக்குக் 'குவிக்பீம்' என்று அவசரக்காரப் பெயர் வைத்துவிட்டார்கள். முடிவு செய்த பிறகு அவர்கள் சாருமானின் கோட்டையை நோக்கிப் பாடிக்கொண்டே நடக்கிறார்கள். இது எண்ட் இனத்தின் கடைசி அணிவகுப்பாகவே இருக்கலாம் என்பதை மரத்தாடியார் வழியிலேயே அமைதியாகச் சொல்கிறார். யாரும் அவரை ஏமாற்றி அங்கே கொண்டுபோகவில்லை. சாவு தெரிந்தே நடந்தார். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சிறியதன்று.

கேள்வி: எண்ட் இனத்துப் பெண்கள் எங்கே போனார்கள்? டோல்கீனே இதற்கு விடை எழுதிவிட்டார் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இல்லவே இல்லை என்கிறார் இன்னொருவர்.

பதில்: இரண்டு நண்பர்களும் சரி. அதைச் சொல்வதற்கு முன் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

எண்ட் ஆண்கள் பெருமரங்களையும் காட்டையும் மலைச்சரிவையும் விரும்பினார்கள். தாமாக விழுந்த கனியை மட்டும் உண்டார்கள். பெண்களுக்கோ சிறுமரங்களும் புல்வெளியும் பழச்செடிகளும் பிடித்தன. அவற்றோடு பேசிக்கொண்டிருந்தால் அவர்களுக்குப் போதாது. தாங்கள் சொன்னபடி அவை வளர வேண்டும், சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். ஆகவே அவர்கள் பெருநதியைக் கடந்து போய்த் தோட்டங்கள் போட்டார்கள். மனிதர்களுக்குப் பயிர்த்தொழிலைக் கற்றுக்கொடுத்ததும் அவர்களே. ஆண்கள் அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். மரத்தாடியார் கடைசியாகப் பார்த்தபோது அவருடைய மனைவி ஃபிம்பிரெத்தில் உழைப்பால் கூனிப் பழுப்பேறி, வெயிலில் கூந்தல் முற்றிய கதிரின் நிறமாகி, கன்னம் சிவந்து இருந்தாள். பழைய கன்னிப் பருவத்து அழகி அல்லள், ஆனால் கண்கள் மட்டும் எங்கள் இனத்துக் கண்கள் என்கிறார். இன்னொரு முறை போனபோது தோட்டங்கள் இருந்த இடம் பாழ்நிலமாகக் கிடந்தது. தேடினார்கள். மேற்கே போனதைப் பார்த்தோம் என்றார்கள் சிலர், கிழக்கே என்றார்கள் சிலர், தெற்கே என்றும் சொன்னவர்கள் உண்டு. எந்தத் திசையிலும் காணவில்லை. அதன் பிறகு அந்த இனத்தில் குழந்தையே பிறக்கவில்லை.

இனி விடைக்கு வருகிறேன். 1954 ஏப்ரலில், அச்சுப்படிகளைப் படித்திருந்த எழுத்தாளர் நவோமி மிச்சிசனுக்கு டோல்கீன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அதில் எண்ட் பெண்டிர் திரும்பாமலே அழிந்துவிட்டார்கள் என்றே தாம் கருதுவதாகவும், இரண்டாம் யுகத்தின் 3429 முதல் 3441 வரை நடந்த கடைசிக் கூட்டணிப் போரில், எதிரிகள் முன்னேறாமல் இருக்க, கதையின் கொடுங்கோலனான சாரோன் நிலத்தைத் தீயிட்டபோது அவர்களும் தோட்டங்களோடு போயிருக்க வேண்டும் என்றும் சொல்கிறார். சிலர் கிழக்கே தப்பியிருக்கலாம், அடிமைகளாகியிருக்கலாம் என்று ஒரு சன்னலையும் திறந்து வைக்கிறார். முதல் நண்பர் இதைத்தான் படித்திருப்பார். ஆனால் இறப்பதற்கு முந்தைய ஆண்டான 1972இல், இதே கேள்வியைக் கேட்ட ஒரு பாதிரியாருக்கு எழுதிய பதிலில், எனக்குத் தெரியாது என்கிறார். வரலாற்றுக்குள் அவர்கள் மீண்டும் சேர மாட்டார்கள் என்பது மட்டும் நாவலிலேயே தெளிவாக இருக்கிறது என்கிறார். இடைப்பட்ட 18 ஆண்டுகளில் அவர் தெரிந்துகொண்டது, தெரியாது என்று சொல்லலாம் என்பதைத்தான் போலும்.

நாவலின் தொடக்கத்திலேயே ஒரு குறும்பு இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹாபிட்டுகளின் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டு சாம் சொல்கிறான்: என் உறவினன் ஹால், வடக்கே எல்ம் மரம்போல ஒன்று நடந்து போனதைப் பார்த்தானாம். அவன் பார்த்தது எல்ம் மரமாகத்தான் இருக்கும் என்கிறான் எதிரே இருப்பவன். அந்தப் பக்கம் எல்ம் மரமே கிடையாதே என்கிறான் சாம். அப்படியானால் ஹால் எல்ம் மரத்தைப் பார்த்திருக்கவே முடியாது என்று மடக்குகிறான் எதிரே இருப்பவன். இதைப் படித்துவிட்டு மறந்துபோகும் வாசகர், பல நூறு பக்கங்கள் தாண்டி, மரத்தாடியார் ஹாபிட்டுகளிடம் அவர்கள் நாட்டைப் பற்றிக் கேட்டு, எங்கள் பெண்களுக்கு அந்த நாடு பிடித்துப்போயிருக்கும் என்று சொல்லும் இடத்தில் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார். இரண்டையும் முடிச்சுப் போடும் வரி நூலில் எங்கும் இல்லை. விடைபெறும்போது, எங்கள் பெண்களைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டால் சொல்லி அனுப்புங்கள் என்று அவர் கேட்டுக்கொள்வதோடு சரி.

இந்தப் பிரிவுக்கு மூலம் எது என்பதையும் டோல்கீன் ஒரு கடிதத்தில் தொட்டுச் செல்கிறார்: இயற்கையை உடைமையாக்காமல் நேசிப்பதற்கும் தோட்டம் போடுவதற்கும் உள்ள வேறுபாடு என்கிறார். நற்றிணையின் 172ஆம் பாட்டில், விளையாட்டாக மணலில் புதைத்த விதை முளைத்துவிட, பாலும் நெய்யும் ஊற்றி வளர்த்த புன்னையை உங்களைவிடச் சிறந்த உங்கள் தங்கை என்று தாய் சொல்கிறாள். அதன் நிழலில் காதலனோடு சிரித்துப் பேச மகள் நாணுகிறாள். அந்தத் தாய் எண்ட் பெண்டிரின் கட்சி. மரத்தாடியாரோ தங்கை என்று உறவு சொல்லியிருப்பார், ஆனால் பால் ஊற்றியிருக்க மாட்டார். இரண்டு அன்பும் உண்மையானவை, இரண்டும் ஒரே நிலத்தில் குடியிருக்க முடியவில்லை. எங்கே போனார்கள் என்பதற்கு விடை கிடைத்தாலும் இந்தக் கணக்கு தீராது. அதனால்தான், ஆசிரியர் 1954இல் எழுதியதை என் மனம் ஏற்றுக்கொண்டாலும், 1972இல் எழுதியதையே நான் விரும்புகிறேன்.

கேள்வி: மிடில் எர்த்தில் மிகவும் மூத்தவர் மரத்தாடியாரா, அதே நாவலில் வரும் டாம் பாம்படிலா? நூலில் இருவருக்குமே அந்தப் பெருமை கொடுக்கப்பட்டிருக்கிறது. இது ஆசிரியரின் கவனப்பிழை இல்லையா?

பதில்: சூரியனுக்குக் கீழே இன்னும் நடமாடும் உயிர்களில் மிகப் பழையவர் மரத்தாடியார் என்று மந்திரவாதி கேண்டால்ஃப் சொல்கிறார். ஆனால் ஆற்றுக்கும் மரங்களுக்கும் முன்பே தாம் இருந்ததாகவும், முதல் மழைத்துளி தமக்கு நினைவிருப்பதாகவும் பாம்படில் சொல்கிறார். எல்ஃப் தலைவர் எல்ராண்டும் அவரை மிக மூத்தவர், தந்தையில்லாதவர் என்றே குறிப்பிடுகிறார். முரண்பாடு இருப்பது உண்மைதான். பாம்படிலை 'உயிர்' என்ற கணக்கில் சேர்க்க முடியாது என்று வாதாடி இதைச் சரிக்கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வழக்கறிஞர் வேலையில் ஆர்வம் இல்லை.

பாம்படில் அந்த நாவலுக்கு வெளியிலிருந்து வந்தவர். டோல்கீனின் பிள்ளைகளில் ஒருவரிடம் இருந்த பொம்மையிலிருந்து பிறந்து, 1934இல் 'ஆக்ஸ்ஃபோர்டு மேகசீன்' இதழில் ஒரு பாட்டாக வெளிவந்து, அதன் பிறகு நாவலுக்குள் நுழைந்தவர். புராண காலமாக இருந்தாலும் சில புதிர்கள் இருந்தே தீர வேண்டும், பாம்படில் வேண்டுமென்றே வைத்த புதிர் என்று டோல்கீன் எழுதியது, நான் மேலே சொன்ன அதே 1954 ஏப்ரல் கடிதத்தில்தான். ஒரே கடிதத்தில் ஒரு புதிரைப் பூட்டி வைக்கிறார், இன்னொரு புதிருக்குப் பாதி விடை எழுதுகிறார்.

இருவரையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு தெரியும். பாம்படிலுக்கு இனம் இல்லை, அவரைப் போன்ற இன்னொருவர் இல்லை. அவரைப் புரிந்துகொள்ள நமக்குப் பிடிமானமே கிடையாது. மரத்தாடியாருக்கு இனம் உண்டு, மொழி உண்டு, சபை உண்டு, நண்பர்கள் உண்டு. ஆதியில் தோன்றியவர்களில் எஞ்சியவர்கள் மூவர். அவர்களில் ஒருவர் அரைத்தூக்கத்தில் மரமாகவே மாறிவருகிறார், இன்னொருவர் ஓர்க்குகளிடம் காயப்பட்டு மலையுச்சிக்கு ஏறிப் போனவர் இறங்கி வருவதே இல்லை. இவ்வளவு விவரமும் கொடுத்த பிறகும் மிச்சமிருக்கும் புதிர்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. விவரமே கொடுக்காமல் புதிர் செய்வது எளிது.

கேள்வி: அத்தனை மரங்களை அழித்த சாருமானைச் சிறைப்பிடித்து வைத்திருந்த மரத்தாடியார், கடைசியில் அவனை ஏன் விட்டுவிட்டார்? முதுமையின் தடுமாற்றமா?

பதில்: உயிருள்ள எதையும் கூண்டில் அடைத்து வைப்பது தமக்குப் பிடிக்காது, தேவை தீர்ந்த பிறகு இப்படிப்பட்டவனைக்கூட அடைத்து வைக்க மாட்டேன் என்று அவரே காரணம் சொல்கிறார். பல் பிடுங்கிய பாம்பு எங்கே ஊர்ந்தால் என்ன என்பது அவர் எண்ணம். ஒரு பல் மிச்சமிருந்தது, அது அவனுடைய குரல், உங்கள் மனத்தின் மென்மையான இடம் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று கேண்டால்ஃப் சுட்டிக்காட்டுகிறார். அதன் விலையைப் பின்னால் ஹாபிட்டுகளின் நாடு கொடுக்கிறது.

தடுமாற்றம் என்று சொல்ல மாட்டேன். சாருமான் ஒரு காலத்தில் அவருடைய காட்டில் உலவி, அவரிடம் கேட்டுக் கேட்டு ஏராளமாகத் தெரிந்துகொண்டவன். பதிலுக்கு ஒன்றையும் சொல்லாதவன். கோபுரத்தில் அடைபட்டிருந்தபோதும் மரத்தாடியார் கீழே நின்று உலகச் செய்திகளை எல்லாம் நீளமாகச் சொல்லிக்கொண்டிருப்பார், அவன் சன்னலுக்கு வந்து கேட்டுக்கொண்டிருப்பான். அந்த உறவு கடைசிவரை மாறவில்லை: இவர் பேசுகிறார், அவன் கேட்டு வைத்துக்கொள்கிறான். கூண்டை வெறுப்பது அவருடைய இனத்தின் இயல்பு. தோட்டம் போட்ட பெண்களைக்கூடத் தடுத்து நிறுத்தாதவர் அவர். ஒரே குணம் ஓர் இடத்தில் பெருந்தன்மையாகவும் இன்னோர் இடத்தில் பிழையாகவும் விளைவதைக் காட்ட இதைவிட நல்ல இடம் அந்த நாவலில் இல்லை.

கேள்வி: எண்ட் இனத்தை டோல்கீன் முன்கூட்டியே திட்டமிட்டு உருவாக்கினாரா?

பதில்: அவர் சொல்வதைப் பார்த்தால் இல்லை. 1955இல் கவிஞர் டபிள்யூ. எச். ஆடனுக்கு எழுதிய கடிதத்தில், எண்ட்டுகளைத் தாம் உணர்ந்து படைக்கவில்லை என்றும், மரத்தாடியார் பேசத் தொடங்கியதிலிருந்து அந்த அத்தியாயம் ஏறத்தாழ இப்போதிருக்கும் வடிவிலேயே எழுதப்பட்டுவிட்டது என்றும், வேறொருவர் எழுதியதைப் படிப்பது போல இருந்தது என்றும் சொல்கிறார். பிறகு நிதானமாக ஆராய்ந்து சில மூலங்களையும் தருகிறார். பெயர் பழைய ஆங்கிலத்திலிருந்து வந்தது. அந்த மொழியில் 'எண்ட்' என்றால் அரக்கன், இடிந்து கிடக்கும் பெருங்கட்டடங்களை அரக்கர் வேலைப்பாடு என்று அக்காலக் கவிதைகள் சொல்லும். ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்' நாடகத்தில் காடு நகர்ந்து வரும் என்று குறிசொல்லிவிட்டு, கடைசியில் படைவீரர்கள் கிளைகளை ஏந்தி வருவதாக முடித்துவிட்டது பள்ளிப் பருவத்திலேயே அவருக்குப் பெரும் ஏமாற்றம். மரங்கள் உண்மையாகவே போருக்கு நடந்து போகும் ஒரு கதை வேண்டும் என்ற ஏக்கம் அப்போதே விழுந்துவிட்டது.

ஆனால் இதில் சொல்லாமல் விட்ட ஒரு கட்டம் உண்டு. நாவலின் தொடக்க வரைவுகளில் மரத்தாடி ஓர் அரக்கன், எதிரியின் கூட்டாளி. கேண்டால்ஃபைச் சிறைப்பிடித்து வைத்திருந்தவனே அவன்தான். அந்தச் சிறைக்காவலன் வேலை பின்னால் சாருமானுக்குப் போய்விட்டது. கூண்டை வெறுக்கும் முதியவர் ஒரு காலத்தில் கூண்டுக்காரனாகக் கருதப்பட்டவர் என்பதை அறிந்த பிறகு, அந்தக் கடைசி விடுதலைக் காட்சியை நான் வேறு விதமாகத்தான் படிக்கிறேன்.

கேள்வி: நான் ஒரு மிகைபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒளியே புகாத குகைகளில் வாழும், பார்வையில்லாத ஓர் இனம். அதன் மூத்தவள் ஒருத்தி. யாரிடமும் நேராகப் பேச மாட்டாள், எல்லாவற்றையும் விடுகதையாகவே சொல்வாள். அவள்தான் காணாமல்போன அரசி என்பதைக் கடைசி அத்தியாயத்தில் வெளியிடுகிறேன். படித்த நண்பர்கள் அவள் மர்மமாக இல்லை, எரிச்சலூட்டுகிறாள் என்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: நண்பர்கள் நல்லவர்கள், அவர்களை விட்டுவிடாதீர்கள். உங்களிடம் இருப்பது முடிச்சு. அதைப் புதிர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். முடிச்சை அவிழ்த்த பிறகு கையில் மிஞ்சுவது வெறும் கயிறு. அவள் அரசி என்று தெரிந்ததும், அதுவரை அவள் பேசிய விடுகதைகள் எல்லாம் பக்கத்தை நிரப்பப் பேசியவை என்று ஆகிவிடுகிறது. சொல்லத் தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறவளிடம் வாசகருக்கு எரிச்சல் வருவது நியாயமே. மரத்தாடியார் தம் பெயரைச் சொல்லாதது சொல்ல மனமில்லாததால் அன்று. அது நம் பொழுதுக்குள் அடங்காது என்பதால்.

உங்கள் இனத்திலேயே அதற்கான சரக்கு இருக்கிறது, நீங்கள் அதைத் தொடவில்லை. பார்வையில்லாமல் இருட்டில் வாழ்கிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அறிவார்கள்? காலடி ஓசையால் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அசையாமல் நிற்பவன் அவர்களுக்கு இல்லாதவன். அவர்கள் மொழியில் 'நின்றான்' என்பதற்கும் 'இறந்தான்' என்பதற்கும் ஒரே சொல் இருக்கலாம். வெளியிலிருந்து வந்த உங்கள் கதாநாயகன் களைப்பில் ஓர் இடத்தில் நின்றுவிடுகிறான். மூத்தவள் அவனுக்காக அழத் தொடங்குகிறாள். அவன் மறுபடியும் நடக்கும்போது, இறந்து மீண்டவனை எப்படி நடத்துவார்களோ அப்படி அவனை நடத்துகிறாள். அவள் பேசுவது எல்லாம் நேரான பேச்சு, ஒரு சொல்கூட விடுகதை இல்லை. ஆனாலும் அவள் சொல்வதைக் கேட்கும் கதாநாயகன் நடுங்குவான், வாசகரும்தான்.

அவளை அரசியாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் அதை மூன்றாம் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகும் அவளைப் பற்றிக் கேட்க ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியிருக்கும் 20 பக்கங்களில் 'மர்மமான புன்னகை' 6 இடத்தில் வருகிறது. அந்த இனத்தில் யாராலும் பார்க்க முடியாத ஒன்றை அவள் எதற்காகச் செய்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. அந்த ஆறையும் அடித்துவிட்டு மறுபடியும் அனுப்புங்கள், படிக்கிறேன்.